பழைய கார் வாங்கும் முன் அதன் பரிசோதனை வரலாற்றைப் பார்ப்பது எப்படி? சேலத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

சேலத்தில் எந்த கார் கன்சல்டிங்குக்குப் (பழைய கார் விற்கும் கடைக்குப்) போனாலும் முதலில் காதில் விழுவது இதுதான்: "எஃப்சி கரண்ட், இன்சூரன்ஸ் கரண்ட், மெட்டல் பாடி. எடுத்து ஓட்ட வேண்டியதுதான் சார்." முதல் முறை பழைய கார் வாங்குகிறவர்கள் எஃப்சி (தகுதிச் சான்று) என்று கேட்டதும், அரசாங்கமே வண்டியைச் சோதித்து நல்ல வண்டி என்று எழுதிக் கொடுத்திருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அது உண்மையில்லை. ஓன் போர்டு (வெள்ளை நம்பர் பிளேட் உள்ள, சொந்த உபயோகத்துக்கான) காரை, புதிதாகப் பதிவு செய்த நாளிலிருந்து 15 வருடம் முடியும் வரை, வழக்கமான பரிசோதனைக்கு எந்த பிரேக் இன்ஸ்பெக்டரும் (மோட்டார் வாகன ஆய்வாளரும்) கூப்பிடுவதில்லை. அதனால் அதன் பரிசோதனை வரலாறு ஒரே காகிதத்தில் கிடைக்காது. புகைச் சான்றிதழ், இன்சூரன்ஸ் பாலிசி, சர்வீஸ் பில், கண்ணாடியிலும் டயரிலும் உள்ள தேதி என்று பல இடங்களில் சிதறிக் கிடக்கும். அதை நீங்கள்தான் ஒன்று சேர்க்க வேண்டும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் சேர்க்க வேண்டும்.

1. ஆர்சி-யில் உள்ள தேதியைச் சரியாகப் படியுங்கள்

ஆர்சி-யில் பதிவுத் தேதி, செல்லுபடித் தேதி என்று இரண்டு இருக்கும். 2012 ஜூனில் பதிவான ஓன் போர்டு காருக்கு 2027 ஜூன் வரை என்று போட்டிருந்தால், அது பதிவு நாளன்றே கணக்குப் போட்டு அச்சடித்த தேதி. நடுவில் வண்டி கவிழ்ந்திருந்தாலும் வெள்ளத்தில் மூழ்கியிருந்தாலும் அந்தத் தேதி மாறாது.

15 வருடம் முடிந்ததும் 25-ம் எண் படிவத்தில் விண்ணப்பித்து, வண்டியை ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அது 5 வருடத்துக்குச் செல்லும். பிறகு மறுபடியும் காட்ட வேண்டும். ஆக, 17 வயது கார் ஒன்று 2 வருடத்துக்கு முன் புதுப்பிக்கப்பட்டிருந்தால், அது குறைந்தது ஒரு முறை அதிகாரியின் கண்ணில் பட்டிருக்கிறது. 13 வயது கார் அப்படிப் பட்டதே இல்லை. விலை பேசும்போது பலரும் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள்.

உற்பத்தி மாதத்தையும் பாருங்கள். தயாரித்து ஆறேழு மாதம் ஷோரூமில் நின்ற பிறகு பதிவான வண்டியை விற்பவர் பதிவு வருடத்தைச் சொல்லி விற்பார்.

2. வண்டியைப் பார்க்கப் போகும் முன் வீட்டிலிருந்தே நம்பரைப் போட்டுப் பாருங்கள்

பரிவாஹன் தளத்திலோ எம்-பரிவாஹன் செயலியிலோ உங்கள் மொபைல் எண்ணைக் கொடுத்து உள்ளே போய் வண்டி எண்ணைப் போடுங்கள். பைசா செலவில்லை. பார்க்க வேண்டியவை: பதிவுத் தேதி, ஆர்சி நிலை, எரிபொருள், மாசு விதி, இன்சூரன்ஸ் எதுவரை, புகைச் சான்று எதுவரை, ஃபைனான்ஸ் இருக்கிறதா, பிளாக்லிஸ்டில் இருக்கிறதா. உரிமையாளர் பெயர் பாதி மறைந்துதான் வரும். இருந்தாலும் முதல் எழுத்துகளும் கடைசி எழுத்துகளும் விற்பவர் சொல்லும் பெயரோடு பொருந்துகின்றனவா என்று பார்க்கலாம்.

அபராதம் பாக்கியைப் பார்க்க இ-சலான் தளம் தனியாக இருக்கிறது. அதில் வண்டி எண்ணோடு சேசிஸ் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி 5 இலக்கமும் கேட்கும். "ஆர்சி-யை வாட்ஸ்அப்பில் அனுப்புங்க அண்ணா" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்சி-யின் இரண்டு பக்கத்தையும் அனுப்பத் தயங்குகிற வண்டியைப் பார்க்கப் போகவே வேண்டாம், பெட்ரோல் மிச்சம். நீதிமன்றத்துக்குப் போய்விட்ட சலான்கள் மெய்நிகர் நீதிமன்றத் தளத்தில் இருக்கும். அதையும் ஒரு முறை பாருங்கள்.

திருட்டு வண்டியா என்ற சந்தேகத்துக்குத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் வண்டி விவரத்தைக் கொடுத்துத் தடையின்மைச் சான்று எடுக்கலாம். வெளியூர் நம்பர் வண்டிக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இன்னும் தெரிந்தால், "லோன் க்ளோஸ் ஆயிடுச்சு, ஹெச்பி மட்டும் கேன்சல் பண்ணணும்" என்ற பதில் வரும். ஹெச்பி என்பது ஆர்சி-யில் உள்ள கடன் பதிவு. லோன் முடிந்ததற்கு ஃபைனான்ஸ் கம்பெனி கொடுக்கும் என்ஓசி-யும் அவர்கள் கையெழுத்து உள்ள 35-ம் எண் படிவமும் கையில் இருக்க வேண்டும். கம்பெனியே மூடிப்போயிருந்தால் அந்தக் கையெழுத்துக்கு மாதக்கணக்கில் அலைய நேரும். அந்த அலைச்சல் விற்பவருடையதாக இருக்கட்டும். ஹெச்பி கேன்சல் ஆன ஆர்சி வந்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.

3. சேசிஸ் நம்பரை வண்டியிலேயே பாருங்கள்

17 எழுத்தும் எண்ணும் கொண்டது சேசிஸ் நம்பர். பெரும்பாலான கார்களில் எஞ்சின் அறையின் பின்சுவரிலோ முன் சீட்டுக்குக் கீழே தரையிலோ குத்தியிருப்பார்கள். ஆர்சி-யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் இந்த எண்ணில் வராது. இருப்பதாகத் தெரிந்தால் அது 1, 0 ஆக இருக்கும், அல்லது யாரோ கை வைத்திருக்கிறார்கள். எண் இருக்கும் தகட்டைச் சுற்றி வெல்டிங் தடமோ புதுப் பெயிண்டோ தெரிந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். துருப்பிடித்து எண் படிக்க முடியாமல் போன வண்டியும் சிக்கல்தான். 15 வருடப் புதுப்பிப்பில் இந்த எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவெடுத்துக் கொடுக்கச் சொல்வார்கள்.

4. புகைச் சான்றிதழைத் தேதிக்காக மட்டும் பார்க்காதீர்கள், எண்ணைப் படியுங்கள்

ஓன் போர்டு காருக்கு 15 வருடத்துக்குள் திரும்பத் திரும்ப நடக்கும் ஒரே சட்டப்படியான சோதனை இதுதான். புது வண்டிக்கு முதல் ஒரு வருடம் தேவையில்லை. அதன் பிறகு பிஎஸ் 4, பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் என்ற மாசு விதியின் படிகள்) வண்டிகளுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறை, அதற்கு முந்தைய வண்டிகளுக்கு 6 மாதத்துக்கு ஒரு முறை. பிஎஸ் 4 நாடு முழுவதும் கட்டாயமானது 2017 ஏப்ரலில். பிஎஸ் 6 2020 ஏப்ரலில். 2012, 2013 கார் என்றால் எந்த விதியில் வந்தது என்பதை ஆர்சி விவரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் வண்டிக்குச் சான்றில் கார்பன் மோனாக்சைடு சதவீதத்திலும், ஹைட்ரோகார்பன் பிபிஎம்மிலும் இருக்கும். பிஎஸ் 3 காருக்கு ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது) 0.5 சதவீதம், 750 பிபிஎம் வரை அனுமதி. பிஎஸ் 4 முதல் 0.3 சதவீதம், 200 பிபிஎம். டீசலுக்குப் புகை அடர்த்தி: பழைய வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு, பிஎஸ் 4 முதல் 50.

கார்பன் மோனாக்சைடு எல்லையை ஒட்டி நின்றால் எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகமாகப் போகிறது: ஏர் ஃபில்டர் அடைப்பு, ஆக்சிஜன் சென்சார் கோளாறு. ஹைட்ரோகார்பன் ஏறியிருந்தால் சரியாக எரியவில்லை: பிளக், காயில், வால்வு. டீசலில் அடர்த்தி கூடினால் இன்ஜெக்டர், டர்போ, ஏர் ஃபில்டர். ஃபில்டரும் பிளக்கும் சின்னச் செலவு. இன்ஜெக்டரும் டர்போவும் வண்டி விலையையே தின்றுவிடும்.

பழைய காருக்கு எல்லா எண்ணும் கிட்டத்தட்டப் பூஜ்யம் என்று சான்று வந்தாலும் சந்தேகப்படுங்கள். சோதனைக் குழாயைச் சைலன்சருக்குள் முழுதாக விடாமல் வெளியே பிடித்திருந்தால் அப்படி வரும். வண்டியை ஓட்டிப் பார்க்கும் நாளில் எஞ்சின் சூடான பிறகு, வழியில் உள்ள பெட்ரோல் பங்க் புகைச் சோதனை மையத்தில் உங்கள் செலவிலேயே ஒரு புதுச் சான்று எடுத்துவிடுங்கள். இந்தச் சின்னத் தொகைக்கு இவ்வளவு தகவல் தரும் சோதனை வேறில்லை.

5. இன்சூரன்ஸ் பாலிசியில் விபத்தின் தடம் இருக்கும்

இந்த வருடத்துப் பாலிசி ஒன்று மட்டும் போதாது. குறைந்தது மூன்று வருடத்து பாலிசிகளைக் கேளுங்கள். முழுக் காப்பீட்டில் 'நோ க்ளெய்ம் போனஸ்' வருடா வருடம் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். 45-ல் இருந்தது அடுத்த வருடம் 0 ஆகியிருந்தால் நடுவில் க்ளெய்ம் வாங்கியிருக்கிறார்கள், அல்லது பாலிசி 90 நாளுக்கு மேல் விட்டுப்போயிருக்கிறது. இரண்டில் எது என்று தேதிகளை அடுக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். க்ளெய்ம் என்றால் அந்த ஒர்க்‌ஷாப் பில்லைக் கேளுங்கள். பம்பர் மாற்றியதும் சேசிஸ் இழுத்து நேராக்கியதும் ஒன்றல்ல.

ஒன்று கவனம். இந்தப் போனஸ் உரிமையாளரோடு போவது, வண்டியோடு வருவதல்ல. விற்பவர் தன் முந்தைய காரின் போனஸை இந்தக் காருக்கு மாற்றியிருக்கலாம். அதனால் ஒரே ஒரு வருடத்து 50 சதவீதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரே உரிமையாளர் பெயரில் இதே வண்டிக்கு அடுத்தடுத்து வந்த பாலிசிகள்தான் சாட்சி. அந்த 50 சதவீதம் உங்களுக்கும் வராது, எனவே அடுத்த வருடப் பிரீமியத்தைப் போனஸ் இல்லாமல் கணக்குப் போடுங்கள்.

பழைய வண்டிகள் பல தேர்டு பார்ட்டி பாலிசியில்தான் ஓடுகின்றன. அதில் போனஸே கிடையாது, ஆகவே இந்தத் தடமும் கிடையாது. நடுவில் எப்போதாவது விட்டுப்போன முழுக் காப்பீட்டைப் புதுப்பித்திருந்தால், கம்பெனிக்காக வண்டியைச் சுற்றிப் படம் எடுத்திருப்பார்கள். ஓடோமீட்டர் படமும் அதில் இருக்கும். விற்பவர் மொபைலில் கிடக்கிறதா என்று கேளுங்கள்.

6. கிலோமீட்டரை நான்கு இடத்தில் ஒப்பிடுங்கள்

மீட்டரைக் குறைப்பது அரைமணி வேலை. சர்வீஸ் பில்லில் தேதியும் கிலோமீட்டரும் சேர்ந்தே இருக்கும் என்பதால் அதை முதலில் கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் நம்பரைச் சொன்னால் பழைய விவரம் திரையில் வரும். ஆனால் உரிமையாளர் கூட வந்தால்தான் காட்டுவார்கள், அவர் மொபைலுக்கு ஓடிபி போகும். அழைத்துப் போங்கள். வர மறுப்பதும் ஒரு பதில்தான்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். 2018 கார், 28,000 கிலோமீட்டர் என்கிறார்கள், நான்கு டயரும் 2023-ல் செய்தவை, ஸ்டெப்னியும் தேய்ந்திருக்கிறது என்றால் கணக்கு உதைக்கிறது. கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டியரிங் தோல், டிரைவர் சீட்டின் இறங்கும் பக்கத்து ஓரம் ஆகியவற்றின் தேய்மானத்தை மீட்டரால் மறைக்க முடியாது.

கண்ணாடிகளின் மூலையில் கம்பெனிப் பெயரும் வருடக் குறியும் இருக்கும். ஆறில் ஐந்து ஒரே கம்பெனி, பின் கதவுக் கண்ணாடி மட்டும் வேறு என்றால் அந்தப் பக்கத்து பில்லரைத் தட்டிப் பாருங்கள். பட்டி வைத்த இடம் மந்தமாகக் கேட்கும். சீட் பெல்ட்டை முழுதும் வெளியே இழுங்கள். அடியில் தயாரிப்புத் தேதி உள்ள துணிச்சீட்டு இருக்கும். அது வண்டியைவிடப் புதிது என்றால் விபத்தில் பெல்ட் மாறியிருக்கிறது. பெல்ட்டின் உள்பகுதியில் சேற்றுக் கறை படிந்த கோடு இருந்தால் வெள்ள வண்டி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் நீரில் நின்ற கார்கள் வெளிமாவட்டச் சந்தைக்கும் வரும். சீட் ரெயில் துருவையும் ஸ்டெப்னி குழியையும் பார்க்காமல் சென்னை நம்பர் வண்டிக்கு விலை பேசாதீர்கள்.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் ஏர்பேக் வெடித்துப் போனதை மறைக்க விளக்கைத் துண்டித்திருக்க வாய்ப்பு அதிகம்.

7. டி போர்டு (மஞ்சள் பிளேட் வாடகை) வண்டியா, வெளிமாநில வண்டியா?

ஏற்காடு, மேட்டூர், கோவை ஏர்போர்ட் என்று ஓடிய டிராவல்ஸ் கார்கள் வெள்ளை போர்டுக்கு மாறி விற்பனைக்கு வருகின்றன. மாற்றுவது சட்டப்படி சரிதான், மறைப்பதுதான் தவறு. டி போர்டில் இருந்த காலத்தில் அதற்கு உண்மையான எஃப்சி நடந்திருக்கும்: 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு வருடா வருடம். அந்தச் சான்றுகளை வரிசையாகக் கேளுங்கள். நடுவில் எட்டு மாதம் விட்டுப்போயிருந்தால் வண்டி ஏன் நின்றது என்று கேளுங்கள். மறைத்திருந்தால் தடம் இருக்கும்: நம்பர் பிளேட் பின்னால் மஞ்சள் பெயிண்ட், பெடல் பக்கம் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் வெட்டிய ஒயர், கேரியர் போட்ட இடத்தில் கூரை ஓரக் கீறல்.

கேஏ (கர்நாடகா), பிஒய் (புதுச்சேரி), டிஎல் (டில்லி) நம்பர் வண்டிகள் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அங்கிருந்து 28-ம் எண் படிவத்தில் என்ஓசி வர வேண்டும், இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸ் தனியாகக் கட்ட வேண்டும். டில்லியில் 10 வருடம் தாண்டிய டீசலுக்கும் 15 வருடம் தாண்டிய பெட்ரோலுக்கும் கட்டுப்பாடு வந்ததிலிருந்து அந்த வண்டிகள் தெற்கே நிறைய வருகின்றன. வரித்தொகையை ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை வண்டி விலையோடு கூட்டி, அதன் பிறகு சேலத்து டிஎன் 30, டிஎன் 54 வண்டியோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் லாபம் கரைந்துவிடும்.

கேஸ் கிட் போட்ட ஆம்னி, 800 போன்றவற்றில் ஆர்சி-யில் எரிபொருள் 'பெட்ரோல்' என்று மட்டும் இருந்தால் அந்தக் கிட் சட்டவிரோதம். சிஎன்ஜி சிலிண்டருக்கு 3 வருடத்துக்கு ஒரு முறை நீரழுத்தச் சோதனைச் சான்று வேண்டும்.

8. ஏற்காடு மலைப் பாதையில் ஓட்டிப் பாருங்கள்

சேலத்தில் இருப்பவர்களுக்கு வேறு பல ஊர்களில் கிடைக்காத சோதனைக் களம் இது. இன்சூரன்ஸ் நடப்பில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கிளம்புங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் பானட்டைத் தொட்டாலே தெரியும்; இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள்.

கோரிமேடு தாண்டி அடிவாரத்திலிருந்து ஏறுங்கள். 20 கொண்டை ஊசி வளைவும் வேண்டாம், ஏழெட்டு போதும். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. வெப்ப முள் பாதியைத் தாண்டி ஏறினால் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஹெட் கேஸ்கெட் என்று மூன்றில் ஒன்று. வளைவில் ஸ்டியரிங்கை முழுதும் ஒடிக்கும்போது 'டக் டக்' என்று கேட்டால் ஆக்ஸில் ஜாயின்ட். ஓரமாக நிறுத்த அகலமான இடம் பார்த்து ஹேண்ட் பிரேக் போட்டுக் காலை எடுங்கள், நிற்க வேண்டும்.

இறக்கம்தான் முக்கியம். இரண்டாவது கியரில், ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் இறங்குங்கள். நீண்ட இறக்கம் முடிந்து மறுபடி ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் பின்னால் நீலப் புகை வந்தால், வால்வு சீல் தேய்ந்து ஆயில் உள்ளே இறங்குகிறது. சமவெளியில் இந்தக் குறை கண்ணிலேயே படாது. பின் கண்ணாடியைப் பார்க்க ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.

ஏற்காட்டிலேயே இருந்த வண்டி என்றால் மீட்டர் குறைவாகக் காட்டும், அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அந்தக் கிலோமீட்டர் முழுதும் முதல் இரண்டு கியரில் ஓடியது. கிளட்ச், பிரேக் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். பனி ஈரத்தில் கதவின் அடிப்பகுதி, தரைவிரிப்பின் கீழ், சைலன்சர் ஆகியவை துருப்பிடித்திருக்கும். விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்.

எஞ்சின் சோதனை விளக்கு எரியாமல் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். மெக்கானிக்கிடம் ஸ்கேனர் இருந்தால் பிழைக் குறிகளோடு, உள் சோதனைகள் முடிந்த நிலையில் இருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் 'முடியவில்லை' என்று காட்டினால் நேற்றுதான் யாரோ அழித்திருக்கிறார்கள். மெக்கானிக் உங்கள் ஆளாக இருக்க வேண்டும், விற்பவர் சொன்ன ஆள் வேண்டாம்.

9. 15 வருடம் நெருங்கிய வண்டிக்கு வரப்போகும் செலவு

இது பேரம் பேச வேண்டிய இடம். கார் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டு முதல் 10,000. தாமதித்தால் மாதம் 500 ரூபாய் கூடும். தமிழ்நாட்டுப் பசுமை வரி இதற்கு மேல். கட்டும் நாளில் தளத்தில் காட்டும் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் செல்லுபடி முடிவதற்கு 60 நாளுக்கு முன்னால் ஏற்கப்படாது.

அரசுக் கட்டணத்தைவிட வண்டியைக் காட்டும் நிலைக்குக் கொண்டுவரும் டிங்கரிங், பெயிண்டிங், டயர், விளக்கு, பிரேக் வேலை அதிகம் செலவு வைக்கும். கறுப்பு ஸ்டிக்கரும் முன்பக்க பம்பர் கம்பியும் இருந்தால் கழற்றச் சொல்வார்கள். செல்லுபடி ஏற்கெனவே முடிந்துபோன வண்டி என்றால், விற்பவர் தன் பெயரில் புதுப்பித்துக் கொடுக்கட்டும். புதுப்பிக்காமல் பெயர் மாற்றமும் நடக்காது, நடுவில் விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸும் கைவிடும்.

10. பணம் கொடுக்கும் நாள்

கையில் இருக்க வேண்டியவை: அசல் ஆர்சி, 29-ம் எண் படிவம் இரண்டு பிரதி, 30-ம் எண் படிவம், நடப்பு இன்சூரன்ஸ், நடப்பு புகைச் சான்று, இருவரின் அடையாள, முகவரிச் சான்றுகள், இரண்டாவது சாவி. உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழோடு 31-ம் எண் படிவத்தில் முதலில் வாரிசு பெயருக்கு மாற வேண்டும்.

பெரிய பொறி 'ஓப்பன் ஃபார்ம்'. மூன்று கை மாறிய வண்டிக்கு முதல் உரிமையாளர் கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தைக் காட்டுவார்கள். ஆர்சி-யில் பெயர் இருப்பவரோடு நீங்களே பேசாமல் வாங்காதீர்கள். ஆன்லைனில் ஆதார் ஓடிபி அவர் மொபைலுக்குப் போகும், அவர் கிடைக்கவில்லை என்றால் எல்லாம் நின்றுவிடும். வியாபாரியிடம் வாங்கினால், 2023 ஏப்ரல் முதல் அவருக்கு 29பி அங்கீகாரமும், வண்டி அவர் கைக்கு வந்ததற்கு 29சி அறிவிப்பும் இருக்க வேண்டும். இரண்டையும் கேளுங்கள்.

முழுத் தொகையையும் ஒரே நாளில் கொடுக்காமல், பெயர் மாறிய ஆர்சி வரும்வரை ஒரு பகுதியை நிறுத்தி வைப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். தொகையை வங்கி வழியாக, ஆர்சி-யில் உள்ளவர் கணக்குக்கே அனுப்புங்கள். வண்டியை எடுத்த தேதியோடு மணியையும் ரசீதில் எழுதுங்கள். அதற்கு முந்தைய சலான்களுக்கு யார் பொறுப்பு என்ற சண்டை வராது.

விற்பவர் மாநிலத்துக்குள் 14 நாளிலும், வாங்குபவர் 30 நாளிலும் ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். மத்திய விதிப்படி காருக்குப் பெயர் மாற்றக் கட்டணம் 300 ரூபாய், ஸ்மார்ட் கார்டு 200, சேவைக் கட்டணம் தனி. புரோக்கர் கேட்கும் தொகையில் மீதி எல்லாம் அவர் கூலி. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் 14 நாளுக்குள் எழுதிப் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். விற்பவரிடம் அவருடைய ஃபாஸ்டேகை அன்றே மூடச் சொல்லிவிட்டு, கண்ணாடியில் உள்ள ஸ்டிக்கரை உரித்துவிட்டு வண்டியை எடுங்கள்.